மனசைப் படிக்க ஒரு குரூப் எங்கே?

ஆசிரியர் ஆக வேண்டுமானால் உளவியல் தேர்வு எழுதியே தீர வேண்டும். அந்த ஆசிரியரிடம் படிக்கும் பிளஸ் டூ மாணவருக்கு மட்டும் அந்தப் பாடம் கிடையாது. புவனகிரியிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

புவனகிரியில் சிதம்பரம் பஸ் ஏறினால் வெள்ளாற்றுப் பாலம், கீரப்பாளையம் என்று கடந்து அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சிதம்பரத்தை ஒட்டி அண்ணாமலை நகர். 1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதில் உளவியலுக்குத் தனித்துறை உண்டு. முதுகலைப் பட்டம் வாங்கலாம், ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கலாம். ராகவேந்திரர் பிறந்த ஊர் என்றும் கைத்தறி நெசவுக்காரர்களின் ஊர் என்றும் பெயரெடுத்த புவனகிரியிலிருந்து அந்தத் துறை பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்துவிடும்.

ஆனால் புவனகிரி அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டு பிளஸ் ஒன் சேர வருகிற பிள்ளைக்கு அந்த வாசல் தெரிய வாய்ப்பே இல்லை. ஃபர்ஸ்ட் குரூப், பயாலஜி குரூப், காமர்ஸ் குரூப், ஹிஸ்டரி குரூப், வொகேஷனல் என்று விண்ணப்பத்தில் எதை வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். உளவியல் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. புவனகிரிக்கு மட்டும் ஏற்பட்ட குறை இல்லை இது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலைப் பொதுத்தேர்வுப் பட்டியலிலேயே உளவியல் இல்லை. புள்ளியியல் இருக்கிறது, மனையியல் இருக்கிறது, அறவியலும் இந்தியப் பண்பாடும் இருக்கிறது, நர்சிங்கும் இருக்கிறது. உளவியலுக்கு மட்டும் இடமில்லை.

பிளஸ் ஒன் விலங்கியலில் நரம்பு மண்டலம் பற்றி ஒரு முழுப் பாடம் வருகிறது. பிள்ளைகள் மூளையின் படத்தை வரைந்து பாகம் குறிக்கிறார்கள். அந்த மூளை ஏன் பரீட்சை ஹாலில் மட்டும் மறந்துபோகிறது, ஏன் இரவு இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்க்கச் சொல்கிறது, ஏன் காரணமே இல்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுகிறது என்ற கேள்விகளுக்கு எந்தப் பாடத்திலும் பதில் இல்லை.

பக்கத்து வீட்டில் இருக்கிறது

கேரளத்தில் ஹயர் செகண்டரியில் உளவியல் ஒரு பாடம். இயற்பியல், வேதியியல், உயிரியலோடு சேர்த்துப் படிக்கவும் பிரிவு உண்டு; வரலாறு, பொருளியலோடு சேர்த்துப் படிக்கவும் பிரிவு உண்டு. கர்நாடகத்தின் பி.யு.சி.யிலும் உளவியல் இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் 037 என்பது உளவியலின் பாட எண். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 மதிப்பெண். புவனகிரியிலிருந்து கடலூர் போய், அதையும் தாண்டினால் வருகிற புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளே சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. பட்டியலில் இருப்பதாலேயே எல்லாப் பள்ளியிலும் பாடம் நடந்துவிடாது. அதற்கு ஆசிரியர் வேண்டும். இருந்தாலும் கேட்கிற உரிமையாவது அந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

கடல் கடந்து பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். இங்கிலாந்தில் ஏ-லெவல் மாணவர்கள் கணிதத்துக்கு அடுத்தபடியாக அதிகம் எடுக்கும் பாடம் உளவியல்தான்.

இந்தியாவுக்கு உளவியல் நேற்று வந்த துறையும் இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879-ல் முதல் ஆய்வகத்தைத் தொடங்கினார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1915-ல் ஆய்வகம் வந்தது, 1916-ல் துறை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1943-ல் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் கல்லூரிக்குள் வந்து எண்பது ஆண்டு தாண்டிய ஒரு படிப்பு இன்னும் பள்ளிக்கூடத்து வாசல்படி ஏறவில்லை.

வாத்தியாருக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லை

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.எட். படிக்கிற ஒவ்வொருவரும் கல்வி உளவியல் படித்துத்தான் வெளியே வருகிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 மதிப்பெண் குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தலுக்கும் உரியது. பியாஜே, ஸ்கின்னர், கோல்பர்க் என்ற பெயர்கள் டெட் எழுதியவர்களுக்கு அத்துப்படி. நுண்ணறிவு ஈவு, கவன வீச்சு, மனவெழுச்சி, ஆக்கநிலையுறுத்தம் என்று கலைச்சொற்களையும் தமிழிலேயே கரைத்துக் குடித்திருக்கிறார்கள்.

'உளவியலைத் தமிழில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?' என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் தமிழில்தான் அதைப் படித்துத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கும் முன்பே தமிழில் வேலை நடந்திருக்கிறது. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரனைப் பாட்டுக்காரராக, கவிஞராக நினைவில் வைத்திருக்கிறோம். கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்தில் தலைமையாசிரியராகவும் இருந்த அவர் 'குழந்தை உள்ளம்', 'குமரப் பருவம்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்' என்று வரிசையாக உளவியல் நூல்கள் எழுதினார். பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் புழங்கியவர் பொதுவாசகருக்காக எழுதியவை இவை. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் அடிபட்ட மக்களின் உள்ளத்தைப் பற்றி 'மனவடு' என்ற நூலைத் தமிழில் தந்தார். ஆகவே மொழியில் குறை சொல்ல முடியாது. பாடநூல் எழுத உத்தரவு போடத்தான் ஆள் இல்லை.

ஸ்கெட்ச் பேனா போதும்

உளவியல் என்றாலே மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிற வித்தை என்று நினைப்பவர்கள் நிறைய பேர். 'அப்போ என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம்' என்று கேட்காத சொந்தக்காரர் உண்டா? வகுப்பறையில் நடப்பது முற்றிலும் வேறு. இயற்பியல், வேதியியல் போல இதற்கும் செய்முறை உண்டு. பெரிய ஆய்வகம்கூட வேண்டாம்.

ஓர் எளிய சோதனையைப் பார்க்கலாம். ஒரு சார்ட் பேப்பரில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்ற சொற்களை மாற்றி மாற்றி இருபது தடவை எழுதுங்கள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுத வேண்டும். 'நீலம்' என்பதை மஞ்சள் மையில். ஒரு மாணவியைக் கூப்பிட்டு, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். நாலாவது ஐந்தாவது சொல்லிலேயே நாக்கு குழறும். பச்சை மையைப் பார்த்துக்கொண்டே 'சிவப்பு' என்பார். வகுப்பே சிரிக்கும். அடுத்து வருகிறவரும் அங்கேயேதான் தடுமாறுவார். இதே இருபதை வெறும் வண்ணக் கட்டங்களாகப் போட்டுச் சொல்லச் சொன்னால் தடங்கல் இராது. இரண்டுக்கும் எடுத்த நேரத்தை ஆசிரியரின் செல்போனில் குறித்துக்கொண்டால் வித்தியாசம் விநாடிக் கணக்கில் கையில் கிடைத்துவிடும்.

ஜே. ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் 1935-ல் வெளியிட்ட சோதனை இது. எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. அந்த அளவுக்கு வாசிப்பு கை வந்த பழக்கம் ஆகிவிட்டது என்பது இதன் சாரம். பாடம் அதோடு முடிவதில்லை. தமிழ் சரளமாகப் படிக்க வராத பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் குறையுமா? ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் தமிழ் மீடியம் மாணவருக்கு என்ன ஆகும்? முதலில் வண்ணக் கட்டங்களைக் கொடுத்துப் பிறகு சொற்களைக் கொடுத்தால், அதற்குள் அவர் களைத்திருப்பாரே, அதை எப்படிச் சரிக்கட்டுவது? பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அறிவியல் முறை என்னவென்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். ஊகம் சொல்வது, அளப்பது, தன் ஊகம் தப்பு என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வது எல்லாம் ஒரே பீரியடில் நடந்துவிடுகின்றன.

அடுத்தது ஞாபகம். பிளஸ் டூ பிள்ளைக்கு இதைவிட அவசியமான பாடம் எது? ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் நூலாக வெளியிட்டார். படித்து முடித்த முதல் சில மணி நேரத்தில் மறதி மடமடவென்று நடக்கிறது. பிறகு வேகம் குறைகிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களையும், ஒரு தடவை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கைடை வைத்துக்கொண்டு ஃபைவ் மார்க் விடையை வரிக்கு வரி கோடு போட்டு, பத்து தடவை சத்தமாக வாசிக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அரையாண்டுத் தேர்வில் காணாமல் போகும். 'எவ்வளவு படிச்சாலும் மண்டையில ஏறல, எனக்கு அறிவு அவ்வளவுதான்' என்று தன் மேலேயே பழி போட்டுக்கொள்வார்கள். பழி படித்த முறையின் மேல் விழ வேண்டியது. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பாடம் வேண்டாமா?

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் இன்னொரு செய்முறையும் உண்டு. ஒரு மனிதரைச் சந்தித்துப் பேசி, அவரைப் பற்றி விவரக் கட்டுரை தயாரிக்க வேண்டும். புவனகிரி மாணவருக்கு இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. முப்பது வருடம் தறியில் உட்கார்ந்த நெசவாளர், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய அண்ணன், தனியாக நாலு பிள்ளைகளை வளர்த்த அத்தை என்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கேட்கும் முன் சம்மதம் வாங்க வேண்டும். பெயரை எழுதக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அடுத்தவர் வீட்டுக் கதையைத் திண்ணையில் அலசிப் பழகிய ஊர்களில் இதுவே ஒரு பெரிய கல்வி.

கடலூருக்குக் கூடுதல் தேவை

புவனகிரி இருக்கும் கடலூர் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் வேண்டும் என்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை கரையோரம் முழுக்க அடிபட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரிக் காட்டையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் வெள்ளம். ஒரே தலைமுறை மூன்று தடவை எல்லாவற்றையும் இழந்து எழுந்திருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஊர்க்காரர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, பாதிக்கப்பட்டவர்களோடு பேசவைத்தது. பேரிழப்புக்குப் பின் தூக்கம் வராததும் திடுக்கிடுவதும் இயல்பு, அது நாள்பட்டும் தீரவில்லை என்றால்தான் சிகிச்சை தேவை என்ற அடிப்படை விஷயத்தைக்கூட அப்போது புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே விஷயம் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் பாடநூலில் மன அழுத்தம் பற்றிய பாடமாகவே இருக்கிறது. ஊருக்குப் பத்துப் பேர் அதைப் பள்ளியிலேயே படித்திருந்தால், அடுத்த புயலுக்கு வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர். பெரும்பாலோர் சிகிச்சைக்கு வருவதே இல்லை என்பதும் அந்தக் கணக்கெடுப்பு சொன்னதுதான். காரணம் நமக்குத் தெரியாததா? முதலில் மந்திரிப்பு, பிறகு பேயோட்டுதல், கடைசியில்தான் டாக்டர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. நோய் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத குடும்பத்தார்.

'இதைப் படிச்சா என்ன வேலை?'

எந்தப் பெற்றோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் வரலாறு படித்தவரெல்லாம் வரலாற்றாசிரியர் ஆவதில்லை; பிளஸ் டூவில் வேதியியல் எடுத்தவர்களில் பெரும்பாலோர் பிற்காலத்தில் சோதனைக் குழாயைத் தொட்டதில்லை. அவற்றுக்குக் கேட்காத கேள்வியை உளவியலுக்கு மட்டும் கேட்கிறோம். வேலையும் இல்லாமல் இல்லை. மருத்துவமனை, பள்ளி, மறுவாழ்வு மையம், சமூக நலத்துறை, நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு என்று இடங்கள் இருக்கின்றன. பள்ளிகள் ஆலோசகர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சி.பி.எஸ்.இ.யின் அங்கீகார விதிகளிலேயே இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. அரைகுறையாகப் படித்துவிட்டுப் பிள்ளைகள் தனக்குத் தானே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்வார்களே என்று ஆசிரியர்களே பயப்படுகிறார்கள். ஆனால் அந்தச் சூட்டல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிட வீடியோ பார்த்துவிட்டு 'எனக்கு டிப்ரஷன்' என்றும், 'அவன் ஒரு சைக்கோ' என்றும் பேசுகிறார்கள். எத்தனை நாள் நீடிக்க வேண்டும், படிப்பையும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் எவ்வளவு பாதிக்க வேண்டும், அதை யார் முடிவு செய்ய வேண்டும் என்ற வரையறையெல்லாம் பாடநூலில்தான் கிடைக்கும். ரீல்ஸில் கிடைக்காது.

மூன்றாவதுதான் உண்மையான முட்டுக்கட்டை: பணியிடம். பாடம் வந்தால் முதுகலை ஆசிரியர் பணியிடம் உருவாக்க வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்க வேண்டும், நிதித்துறை ஒப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான பள்ளிகளில் ஒரே வருடத்தில் நடக்கிற காரியமில்லை. மாவட்டத்துக்கு ஒரு பள்ளி என்று தொடங்கலாமே? கடலூர் மாவட்டத்தில் அதற்குப் பொருத்தமான இடம் புவனகிரி, சிதம்பரம் பகுதிதான். முதுகலை உளவியல் முடித்தவர்களை உருவாக்கும் துறை பக்கத்திலேயே இருக்கிறது.

நேரமும் வாய்ப்பாக இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. ஒரு புதிய பாடத்தைப் பதற்றமில்லாமல் அறிமுகப்படுத்த அந்த ஓராண்டு போதும். அதே மாதத்தில் இன்னொரு கதவு மூடியது. உளவியல் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியில் இனி நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. தரத்துக்காக எடுத்த முடிவு, சரிதான். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே, குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த வழி அடைபட்டபின், ஆர்வத்தைப் பதினாறு வயதிலேயே கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்கப் பள்ளியில் பாடம் இருக்க வேண்டும்.

இப்போது படிப்பவர்கள் கவனத்துக்கு

• பி.எஸ்சி. அல்லது பி.ஏ. உளவியலில் சேரப் பள்ளியில் உளவியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பொதுவாக எந்த குரூப் எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு உண்டு.

• மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர்; மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சில வாரச் சான்றிதழ் படிப்பால் இந்தத் தகுதி வராது.

• பள்ளியில் இல்லாவிட்டாலும் பாடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், என்.சி.இ.ஆர்.டி.யின் 11, 12-ஆம் வகுப்பு உளவியல் நூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் மேல்நிலையில் உளவியலை ஒரு பாடமாக வைத்திருக்கிறது.

• மனசு சரியில்லை என்றால் யாரையும் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். டெலி-மனஸ் உதவி எண் 14416; எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அரசு செய்ய வேண்டியது

கவுன்சலிங் வேன் அனுப்பினோம், உதவி எண் கொடுத்தோம், விழிப்புணர்வு முகாம் போட்டோம் என்று கல்வித்துறை கணக்குச் சொல்லலாம். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் அவை அடிபட்ட பிறகு கட்டுப்போடுகிற வேலை. பாடம் என்பது வேறு. அதற்குப் பீரியட் உண்டு, பரீட்சை உண்டு, மதிப்பெண் உண்டு. நம் ஊரில் மதிப்பெண் இருந்தால்தான் ஒரு விஷயத்துக்கு மரியாதை.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பாடநூலைத் தமிழில் எழுதத் தொடங்கலாம். எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மற்ற செய்முறைப் பாடங்களுக்கு உள்ள அமைப்பே இதற்கும் பொருந்தும். ஹிஸ்டரி குரூப்பிலும் பயாலஜி குரூப்பிலும் ஒரு விருப்பப் பாடமாக வைத்தால் யாருக்கும் சுமை இல்லை; வேண்டுபவர் எடுப்பார்கள்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவரோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். கேட்காத பாடத்தை எந்த அரசும் தானாகக் கொண்டுவந்து கொடுத்ததில்லை.